கடுகுக்கு மரக்கால்

சரக்கறையில்
வெள்ளரி ஊறுகாய் ஜாடிகளுக்கும்
உருளைக்கிழங்குச் சாக்குக்கும் நடுவே
எங்கள் சேமிப்புப் பெட்டி.
நான்கு வட்டுகள், ஒரு பச்சை விளக்கு.
டார்ட்டு நகரத்துக் குளிர்தான் அதற்கு விசிறி.

மார்ச்சில், வாங்கி வந்த அன்றே
திரை கேட்டது: கட்டத்தின் அளவு என்ன?
நாலு கே, எட்டு, பதினாறு,
முப்பத்திரண்டு, அறுபத்து நாலு.
மாரிகா குளித்துக்கொண்டிருந்தாள்.
கதவைத் தட்டிக் கேட்டிருக்கலாம்.
நான் அறுபத்து நாலைத் தொட்டேன்.

என் தொழில் அப்படி.
ஊராரின் பழைய கல்யாண நாடாக்களைக்
கணினிக்கு மாற்றித் தருகிறேன்.
ஒரு கல்யாணம் நாற்பது ஜிபி.
தொண்ணூற்று மூன்றில், வில்யாண்டியில்
குடித்துவிட்டு ஆடிய மாப்பிள்ளை
மேசையோடு சாய்ந்து
எழுந்து மறுபடி ஆடும்வரை
ஒரே கோப்பு.
பெரிய குவியலுக்குப் பெரிய மரக்கால்.
அளக்கிற கை அடிக்கடி குனிய வேண்டாம்
என்று கணக்குப் போட்டேன்.

அவளுடையவை வௌவால்கள்.
பதினொரு கோடைகளாக
எமாயோகி ஆற்றுப் பாலத்தடியில்
கருவி கட்டி வைக்கிறாள்.
ஒரு வௌவால் கடந்தால் ஒரு கோப்பு.
மூன்று கே.
இதுவரை இருபது லட்சம் கீச்சுகள்,
ஒன்றுகூட மனிதக் காதுக்கு எட்டாதவை.

நவம்பரில் ஒருநாள் திரையைத் திருப்பிக் காட்டினாள்.
"கோப்புகள் ஆறு ஜிபி என்கிறது.
அடுத்த வரியில்,
பிடித்த இடம் நூற்றிருபத்தெட்டு.
இரண்டில் எது பொய்?"

இரண்டும் மெய்.
ஒரு கட்டத்தில் ஒரு குடித்தனம்தான்.
மூன்று கே குடியேறிவிட்டால்
மீதி அறுபத்தொன்று பூட்டிய அறை.
வாடகைக்கும் விட முடியாது.

"கடுகை அளக்க மரக்காலா?" என்றாள்.
சிரித்தாள்கூட.
அப்புறம், சிரிக்காமல்:
"அன்றைக்கு என்னை ஏன் கேட்கவில்லை?"

போட்ட அளவு போட்டதுதான்.
மாற்ற வேண்டுமென்றால்
எல்லாவற்றையும் வெளியே எடுத்து,
துடைத்து, முதலிலிருந்து.
மாடிவீட்டு ரைன்ஹோல்டிடம்
ஒரு வட்டு இரவல் வாங்கினேன்.

முப்பது கல்யாணங்கள்
மூன்று மணி நேரத்தில் வெளியேறின.
நொடிக்கு நூற்றுப்பத்து எம்பி.
மணப்பெண்கள், பாதிரிகள், வாத்தியக்காரர்கள்
எல்லாரும் ஒரே லாரியில்.

வௌவால்களுக்கு ஓர் இரவு பிடித்தது.
ஒவ்வொன்றுக்கும் கதவைத் திறந்து
பெயரை எழுதி
கதவை மூடி
அடுத்ததற்கு மறுபடி திறந்து.
சாக்கின் மேல் உட்கார்ந்து பார்த்திருந்தேன்.
தேதி, மணி, பாலம்.
தேதி, மணி, பாலம்.
ஒரு பெயர் மட்டும் நீளமாய் வந்தது:
பதினேழு, ஜூலை பத்தொன்பது,
பின்னிரவு இரண்டு பதினொன்று,
குளத்து வௌவால், ஒருவேளை.

ஒருவேளை.
அந்த இரவு எனக்கு நினைவிருக்கிறது.
அவள் நனைந்த காலணியோடு வந்தபோது
நான் சண்டைக்குத் தயாராய்
சமையலறையில் விளக்கைப் போட்டு வைத்திருந்தேன்.
ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.
நான் மணியைக் காட்டினேன்.

விடிந்ததும் வட்டைத் துடைத்து
நாலு கே என்று வைத்தேன்.
இனி என் வேகம் போயிற்று,
போகட்டும் என்று
வில்யாண்டிக் கல்யாணத்தை முதலில் ஏற்றினேன்.

நூற்றுப்பத்து.
அழித்துவிட்டு மறுபடி.
நூற்றொன்பது.
மறுபடி, நூற்றுப்பத்து.

வட்டு எத்தனை வேகமாய் வாரினால் என்ன,
சுவரோரமாய் வரும் நீலக் கம்பி
அவ்வளவுதான் விழுங்கும்.
கட்டம் பெரிதோ சிறிதோ
அதன் தொண்டை ஒன்றுதான்.
எட்டு மாதம் நான் காத்த வேகம்
எந்த நாளும் என் கையில் இருந்ததில்லை.

மாரிகா ஜாடி எடுக்க வந்தாள்.
"எவ்வளவு மெதுவாகிவிட்டது?"

ஒன்றும் இல்லை என்று சொல்ல
எனக்கு அரை நிமிடம் ஆயிற்று.

வௌவால்கள் இப்போது திரும்பி வருகின்றன.
கடைசிக் கோடை உள்ளே நுழைய
நாளை மதியம் ஆகும்.
ஜூலை பத்தொன்பதை
நான் கேட்கவில்லை இன்னும்.
காதுக்கு எட்டும்படி
அதைப் பத்து மடங்கு மெதுவாக்க வேண்டுமாம்.
அவள்தான் போட்டுக் காட்ட வேண்டும்.